நல்லெண்ணெயில் வரைந்த முகம்

1

சென்ற செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பில் மோரின் என்னைப் பிடித்துக்கொண்டாள். மோரின் எங்கள் ஆசிரியை. "உன் அம்மாவின் படம் என்ன ஆயிற்று? வருடக் கடைசியில் எல்லோருடைய படத்தையும் நூலகத்தில் மாட்டப் போகிறோம், கொண்டுவா" என்றாள். அது காயவே இல்லை, ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றேன். "இந்தியாவிலா காயவில்லை? அங்கே வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். இந்த ஊருக்கு வந்த நாள் முதலாகச் சிரித்துவைத்துத்தான் பிழைக்கிறேன்.

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள். வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு என்ன குறைச்சல், பொழுது போகாமல் எழுதுகிறாள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இங்கிருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாக எழுதுவார்களே, பூ பூக்கும் காலம், பக்கத்து வீட்டுக்காரரின் நாய், ஊர்ச் சாப்பாட்டின் ருசி, அதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இந்த ஊர் மழையைப் பிடிக்காது. உங்கள் மேலும் இப்போது பிரியம் இல்லை.

நான் அயர்லாந்தின் தென்பக்கம் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் நிஷா, கல்லூரியில் படிக்கிறாள். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்கு இந்தக் கட்டுரையில் இடம் கிடையாது.

2

என் அம்மா பெயர் மரியபுஷ்பம். நாகலாபுரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். பருத்தி, மிளகாய், உளுந்து. அம்மா அதில் குனிந்து நிமிர்ந்தே எங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தாள். அம்மா கறுப்பு. தரகர்கள் 'மாநிறம்' என்று இழுப்பார்களே, அது இல்லை. கறுப்பு. கரிசல் மண் மாதிரி என்று நான் எழுதினால் நீங்கள் 'ஆகா' என்பீர்கள். எழுத மாட்டேன். மண் மண்தான், அம்மா அம்மாதான்.

போன வருடம் ஆடியில் அம்மா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டிருந்தேன். விண்ணப்பத்தில் ஏற்றிய புகைப்படத்தை அந்த அலுவலகத்தின் இணையதளம் திருப்பித் திருப்பி அனுப்பியது. முகத்தின் விளிம்பு தெளிவாக இல்லையாம். வேறு உடை போட்டுப் பார்த்தேன், வேறு சுவர் முன்னால் நின்று பார்த்தேன். கடைசியில் ஒரு புகைப்படக் கடைக்காரன் இரண்டு பக்கமும் விளக்கை ஏற்றி, என்னை ஆவி மாதிரி எடுத்துக் கொடுத்தான். அது உடனே சரியென்று ஏற்கப்பட்டது. நான் இல்லாத அந்த முகத்துக்குப் பாஸ்போர்ட் வருவதற்குள் அம்மாவைப் புதைத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தை யாரோ ஒருவருடைய கைபேசியில் பார்த்தேன். பாதி நேரம் வீடியோ பிடித்தவரின் செருப்புதான் தெரிந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு என் தம்பி அந்தோணி அழைப்பு அட்டை அடித்து அனுப்பினான். அவன் கோவில்பட்டியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். அட்டையில் ஒரு பெண். கோதுமை நிறம், ரோஸ் கன்னம், யாருடைய உடம்பிலிருந்தோ வெட்டி ஒட்டிய பட்டுச்சேலை, அம்மா ஒருநாளும் போடாத நெக்லஸ். ஸ்டூடியோக்காரன் கைங்கரியம். நிஷா என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டாள்.

வாரம் தவறாமல் வீடியோவில் பாட்டியோடு பேசிய பெண் அவள். தமிழ் வராது, ஆனாலும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பழிப்புக் காட்டிக்கொண்டு நேரம் போவது தெரியாமல் இருப்பார்கள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்தோணியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் சொன்னான், "அக்கா, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாவ. பெருசாப் போட்டு ஹாலுல மாட்டிட்டேன்."

அந்தப் படம் அங்கேயே தொங்கினால் பத்து வருடத்தில் என் அம்மா அந்தப் பெண்ணாகிவிடுவாள். எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. சுவரிலிருந்து அவளை இறக்கி, அம்மாவை ஏற்ற வேண்டும். உண்மையான புகைப்படம் என்று பெரிதாக்க ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் ரேஷன் கார்டு அளவில் மங்கிப்போனவை. அந்த வாரமே சமூகக் கூடத்தில் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த செம்பருத்தியைப் பார்த்து டீச்சர் இது என்ன காலிஃபிளவரா என்று கேட்டதோடு என் சித்திர வாழ்க்கை முடிந்திருந்தது.

3

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண்கள். படகு வரைவார்கள். படகு முடிந்தால் இன்னொரு படகு. மோரின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் "அழகு" என்பாள். என் படத்தைப் பார்த்தால் மட்டும் "சுவாரசியமாக இருக்கிறது" என்பாள். இந்த நாட்டில் அதற்கு 'விளங்கவில்லை' என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அதுவரை வீட்டுக்கு வந்து மகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே சண்டை. வண்ணக் குழாய்கள் வாங்கச் சொல்லியிருந்தாள். நான் கறுப்பில் பெரிய குழாயாக வாங்கிப் போயிருந்தேன். மோரின் அதை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். "இங்கே கறுப்பு கிடையாது. இயற்கையில் கறுப்பு என்று ஒன்று இல்லை" என்றாள்.

"எங்கள் ஊரில் இருக்கிறது" என்றேன்.

"இல்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய்."

நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனாம். என் அம்மா, என் கை, நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம் வரை கிடக்கிற அத்தனை நிலம், எல்லாம் என் நினைப்பு. அடுத்த வாரமே இன்னொரு குழாய் வாங்கினேன். வீட்டில், சமையலறையில், அவளுக்குத் தெரியாமல் குழாய்க் கறுப்பிலேயே அம்மாவை வரைந்தேன். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அது பிணம். கரியடுப்பு. உள்ளே இரத்தம் ஓடாத ஒரு முகம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாயை மூடிக்கொண்டு மோரின் சொன்னபடி செய்தேன். அடர் நீலத்தையும் கருகிய பழுப்பையும் சேர்த்துக் குழைத்தால் ஓர் இருட்டு வருகிறது. நீலம் கூடினால் அது குளிர்கிறது, பழுப்பு கூடினால் சூடாகிறது, சிவப்பு ஒரு சொட்டு போட்டால் உயிர் வருகிறது. அவள் சொன்னது சரி. அதற்காக எனக்கு அவளைப் பிடித்துவிடவில்லை. சரியாகச் சொல்கிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்று சட்டமா? அவளுக்கு அது நிறம் கலக்கும் யோசனை, அவ்வளவுதான். 'கறுப்பு கிடையாது' என்று ஒரு கறுப்பியிடம் சொன்னோமே என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஐலீன் என்பவள் ஒரு வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் எதிர்ப்பட்டாள். கையும் காலும் செங்கல் நிறத்தில் இருந்தன. பேத்தி கல்யாணத்துக்காகப் பழுப்பு நிறம் ஏற்றும் கிரீம் பூசியிருக்கிறாளாம். "உனக்கு யோகம், ஒன்றும் பூச வேண்டாம்" என்று என் கையைத் தடவினாள். இங்கே இளசுகள் எல்லாம் சனிக்கிழமை ராத்திரிக்கு இதைப் பூசிக்கொண்டுதான் கிளம்புகின்றன. மகளிடம் சொல்லிப் புலம்பினேன். "அம்மா, உனக்கு எல்லார் மேலயும் கோபம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இப்போதெல்லாம் எதையும் சாத்திக்கொண்ட கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுகிறாள்.

மழைக்காலம் முழுவதும் அம்மாவோடு மல்லுக்கட்டினேன். எண்ணெய் வண்ணத்தில் அவசரம் ஆகாது. அடியில் பூசுவதை டர்பன்டைன் விட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு மேலே பூசுவதில் எண்ணெய் கூட்ட வேண்டும். ஆனி மாதம் வந்தபோது உருவம் வந்திருந்தது. நெற்றி அம்மா நெற்றி. கடைவாய்ப் பல் இல்லாததால் உள்வாங்கிய கன்னம் அம்மா கன்னம். நிறம் மட்டும் வரவில்லை. ஒன்று சேறாக இருந்தது, அல்லது புகையாக இருந்தது. முதலாண்டு திருப்பலிக்கு ஊருக்குப் போகும்போது கடைசிப் பூச்சை அங்கே வைத்துப் பூசிக்கொள்ளலாம் என்று துணியைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தோணியின் மகள் ஜெனிக்கு அப்படியே அம்மாவின் நிறம்.

4

கோவில்பட்டி ஸ்டேஷனில் காலையில் இறங்கினேன். ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அந்தோணி பெட்டியைத் தூக்கினான், சுருளைப் பார்த்து "இது என்னக்கா, ஃப்ளெக்ஸா?" என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள்தான். டிவிக்கு மேலே, சீரியல் விளக்கு சுற்றி, ரோஸ் கன்னத்தோடு. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் "முதல்ல அதை இறக்கு" என்றேன்.

அந்தோணியின் மனைவி ரீட்டா காபியோடு வந்தாள். ரீட்டா நல்ல சிவப்பு. அதனாலேயே இந்த வீட்டில் அவளுக்கு ஒரு மவுசு உண்டு. "மதினி, வந்ததும் வராததுமா என்ன இது? ஞாயித்துக்கிழமை ஜெனியைப் பாக்க தூத்துக்குடியில இருந்து வாராவ. நல்ல இடம். மாப்பிள்ளை துறைமுகத்துல இருக்காவ. அந்தப் படம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பொண்ணு பாக்க வாரவியளுக்கும் அம்மா படத்துக்கும் என்னட்டி?"

அந்தோணிதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "வாரவிய சுவத்தையும் பாப்பாவ அக்கா. வம்சத்துல எப்படின்னு பாப்பாவ. ரெண்டு இடம் இதுலயே தட்டிப்போச்சு."

எனக்குப் புரிந்தது. அழகுக்காக அம்மாவை வெளுக்கவில்லை. ஜாமீனுக்காக வெளுத்திருக்கிறார்கள். பேத்தியின் நிறம் தற்செயல், குடும்பம் சிவப்புத்தான் என்று சொல்ல, செத்துப்போன அம்மா சாட்சி. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அம்மா பருத்திக் காட்டில் காய்ந்த காசில்தான் அந்தோணி ஐ.டி.ஐ. படித்தான் என்றேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை திருப்பலி. அன்றைக்கு என் படம் சுவரில் ஏறும். அதைப் பார்த்தபிறகு பிடிக்கவில்லை என்றால் பேசிக்கொள்ளலாம். பேச இடமே தரக் கூடாது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

5

ஜெனி ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் வீட்டுக்கு வருவாள். தச்சனிடம் கொடுத்துத் துணியைச் சட்டத்தில் அடித்து வைத்திருந்தேன். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் கன்னத்தைப் பார்த்து நிறம் குழைத்தேன்.

"அத்தை, எண்ணெய் தடவி உக்காரவா, பவுடர் போட்டு உக்காரவா?"

"ஒண்ணும் வேண்டாம். மூஞ்சியைக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேலைக்குப் போகும்போது அவள் பூசும் பூச்சுக்கு அடியில் இப்படி ஒரு முகம் இருப்பதை நானே அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கன்னமேட்டில் ஊதா இருந்தது. மூக்கோரத்தில் செம்பு. தாடைக்குக் கீழே நீலம். குழைக்கும் கத்தியின் நுனியில் வண்ணத்தைத் தொட்டு அவள் கன்னத்தருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

"அங்கனயும் இப்படிப் பாப்பாவளா அத்தை? நிறத்தை?"

"பாப்பாவ. பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு மட்டும் காலியா இருக்கும். நின்னுக்கிட்டே வருவாவளே தவிர உக்கார மாட்டாவ."

"பக்கத்துல உக்காராட்டா என்ன? சீட்டு தாராளமாக் கிடைக்கும்லா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் பாட்டில் அயர்லாந்திலேயே தங்கிவிட்டது. விமானத்தில் கசியும் என்று நானே எடுத்து வைத்துவிட்டேன். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். "லின்சீடு இருக்கும்மா. கதவு, ஜன்னலுக்கு அடிக்கது. எத்தனை லிட்டர்?" என்றார். அம்மா முகத்துக்குக் கதவெண்ணெயா என்று விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் ரீட்டா அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தாள். செக்கு நல்லெண்ணெய். "அத்தை சனிக்கிழமை தப்பாம தேய்ச்சுக் குளிச்சது இதுதானே மதினி."

வாசம் வந்ததும் நான் கவிழ்ந்தேன். எள்ளும் விதை, ஆளியும் விதை, எண்ணெய் எண்ணெய்தானே என்று தோன்றியது. தோன்றியது என்ன, பெருமையாகவே இருந்தது. மோரினின் புட்டியை எங்கள் ஊர்ச் செக்கு தோற்கடித்தது என்று நினைத்தேன். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தபோது வண்ணம் பளபளவென்று குழைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் சாய்கிற நேரம், நிறம் வந்துவிட்டது. ஜெனியைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். கல்லறைக்கு வரமுடியாத அன்றைக்கு வராத அழுகை அன்று வந்தது.

நல்லெண்ணெய் காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகித் தோலாகும். நல்லெண்ணெய் அப்படியே கிடக்கும், எத்தனை மாதமானாலும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இங்கே ஆசிரியை கற்றுக்கொடுத்த பாடத்தில் 'உங்கள் அம்மா தலைக்குத் தேய்த்த எண்ணெயைக் கலக்காதீர்கள்' என்று ஒரு வரி இல்லை.

6

சனிக்கிழமை திருப்பலி முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். படம் சுவரில் இருந்தது. நாகலாபுரத்திலிருந்து வந்திருந்த, அம்மாவோடு காட்டுவேலைக்குப் போன ஒரு பெண் படத்தின் முன்னால் நின்று, "ஏ புஷ்பம்" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒரு மாமா மட்டும் பல் குத்திக்கொண்டே, "கைவேலை சுத்தம். ஆனா கொஞ்சம் லைட்டாப் போட்டிருக்கலாம்" என்றார். கரண்டு இல்லாத நேரத்தில் ஆளே தெரியாதாம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

சாயங்காலம் பேச்சு ஆரம்பித்தது. நாளைக்கு ஒருநாள் மட்டும் பழைய படத்தை மாட்டிக்கொள்ளலாம் என்றாள் ரீட்டா. முடியாது என்றேன். "உங்களுக்கு என்ன மதினி, திங்கட்கிழமை ஏறிப் போயிருவீய. பிள்ளையை வச்சிக்கிட்டு இருக்கது நாங்கதானே." நான் அதற்கும் முடியாது என்றேன். அம்மாவை மறைத்துத்தான் அவள் பேத்திக்குக் கல்யாணம் ஆகவேண்டுமென்றால் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்றேன். என் கல்யாணம் அல்ல, அதனால் சொல்ல எளிதாக இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் இடத்தை நான் விடுவதாக இல்லை. ஜெனி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டுப் பூ வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஹாலில் சுவரைப் பார்த்தேன். படம் இருந்தது. முகம் வெள்ளையாக இருந்தது.

பவுடர். யாரோ பஞ்சில் தொட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கிலும் ஒற்றி ஒற்றி எடுத்திருந்தார்கள். காயாத எண்ணெயில் அது அப்படியே ஒட்டியிருந்தது. கைதேர்ந்த வேலை. சாம்பல் பூத்த முகமாக இல்லை. இளஞ்சிவப்பாக, ஸ்டூடியோக்காரனின் பெண்ணுக்குத் தங்கச்சி போல இருந்தாள்.

"ரீட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் பதறி ஓடிவந்து, படத்தைப் பார்த்து, "மாதாவே, நான் இல்ல மதினி" என்றாள்.

"நான்தான் அத்தை" என்றாள் ஜெனி. சந்தன நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவள் முகத்திலும் அதே பவுடர்.

நான் அவளை என்னவெல்லாம் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இல்லை. எழுத இடம் போதாது. உன் ஆச்சியை நீயே அசிங்கப்படுத்திவிட்டாய் என்பதுதான் சாரம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஆச்சி பவுடர் போடாம வெளிய போய் நீங்க பாத்திருக்கீங்களா? காட்டுல இருந்து வந்ததும் மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவாவ. ஆஸ்பத்திரியில படுத்தபோதும் டப்பாவை எடுத்து வைக்கச் சொன்னாவ. உங்களுக்கு வீடியோ போடுததுக்கு முன்னாலகூடப் போடுவாவ. ஆச்சி வெறும் மூஞ்சியை நீங்க பாத்து எத்தனை வருசம் ஆச்சு? நீங்க அங்கன இருந்துக்கிட்டுக் கறுப்புதான் அழகுன்னு சொல்லுவீங்க. இங்கன பாக்க வாரது என்னையத்தான் அத்தை. உங்களை இல்ல."

அதற்குள் வாசலில் கார் நின்றது.

எட்டுப் பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வடையை மட்டும் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா பெரிய உடம்பு, பெரிய கண், ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். அந்தோணி சொன்னது சரிதான், சுவரைத்தான் பார்த்தார். "இவிய யாரு?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றான் அந்தோணி. "அக்காதான் கையால வரைஞ்சது. அயர்லாந்துல இருக்காவ." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தத்ரூபம் என்றார் ஒருவர். கண்ணுதான் பேசுது என்றார் இன்னொருவர். நான் வரையாத முகத்துக்கு எனக்கு வந்த பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெனி காபித் தட்டோடு வந்தாள். அந்த அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, ஜெனியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி ஜெனியைப் பார்த்தார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

"ஆச்சி என்ன நிறமா இருந்திருக்காவ! அம்மாவும் நல்ல சிவப்பு. ரெண்டு பேரு நிறமும் பிள்ளைக்கு வரலையே."

ரீட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்ல முடியும்? ஆச்சி கறுப்புத்தான், அது பவுடர் என்றா? ஜெனி மீதி டம்ளர்களையும் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சொல்லி அனுப்புகிறோம் என்றுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கார் போனதும் அந்தோணி என் பக்கம் திரும்பினான். "நீ ஒண்ணும் கொண்டுவராம இருந்திருந்தா பழைய படமே இருந்திருக்கும்." பழைய படம் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்றேன். அவனுக்கு அது உறைத்ததா தெரியாது. உள்ளே போய்ப் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அதற்குள் ஜெனி ஸ்டூலில் ஏறி என் படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தியிருந்தாள். சேலை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். பவுடர் தனியாக வரவில்லை. எண்ணெயும் வண்ணமும் சேர்ந்து வழிந்து வந்தன.

"ஏட்டி, விடு. முகம் போயிரும்" என்று ஓடினேன்.

"போகட்டும் அத்தை."

"ஒரு வருசமா வரைஞ்சது ஜெனி."

"நீங்க வரைஞ்சது நான் பவுடர் போட்டப்பவே போயிட்டு. இது எதுக்கு?"

முந்தானை போதாமல் உள்ளங்கையால் தேய்த்தாள். நெற்றி கன்னத்தில் இறங்கியது, கன்னம் தாடையில் இறங்கியது, நெல்முனை அளவு பவுடர் திட்டுகள் கரைந்து காணாமல் போயின. முகம் இருந்த இடத்தில் மினுங்கும் ஓர் இருட்டு மட்டும் இருந்தது. அந்தோணி பழைய படத்தை ஆணிக்கு நேரே தூக்கினான். ஜெனி திரும்பிப் பார்க்காமலே, "அதையும் மாட்டாதீங்கப்பா" என்றாள். அவன் சற்று நேரம் கையை உயர்த்தியபடி நின்றான். பிறகு படத்தை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மாவுக்காக நான் கேட்ட சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஜெனி குழாயடியில் போய் முகத்தில் தண்ணீர் அடித்துப் பவுடரைக் கழுவிவிட்டு வந்து, நான் அவளை உட்காரவைத்து வரைந்த அதே நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். வண்ணம் அப்பிய அதே கையால் கண்ணையும் கன்னத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தில் வண்ணம் பட்ட இடம் எது, படாத இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

ரீட்டா அடுக்களையிலிருந்து வந்தாள். "புதுச்சேலையை இப்படிப் பாழாக்கிட்டியேட்டி" என்று சந்தன நிறப் பட்டில் அப்பியிருந்த கறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மகளின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சேலை மறந்துபோனது. இரண்டு கையாலும் அவள் கன்னங்களைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். கையை எடுத்தபோது அவளுடைய சிவந்த விரல்கள் பத்தும் கறுத்திருந்தன.

விரல்களைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி விரல்களைப் பார்த்தாள்.

"மதினி, இது எங்கன இருந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். "இவ மூஞ்சியில ஒண்ணுமே இல்லையே."